‘மேட்ரிக்ஸ்’ கிறிஸ்தவப் படமா, பௌத்தப் படமா?

‘மேட்ரிக்ஸ்’ பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்து, இந்தக் கேள்வியில் முட்டி நிற்கிறீர்களா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 1999இல் வந்த அந்தப் படத்தில் கதையின் எலும்புக்கூடு கிறிஸ்தவம், கதை பேசும் சிக்கல் பௌத்தம். கட்டுரையை அப்படியே பிரித்து எழுதுங்கள்.

நீங்கள் முட்டி நிற்பதற்குக் காரணம், கதாநாயகன் நியோவை மட்டுமே பார்ப்பதாக இருக்கலாம். வருவார் என்று காத்திருக்கப்பட்டவர், சாகிறார், உயிர்த்தெழுகிறார். இதுவரை இயேசுதான். ஆனால் படத்தில் மனிதர்களைச் சிறைப்படுத்துவது பாவம் இல்லை, தாங்கள் காணும் உலகம் பொய் என்று தெரியாத அறியாமை. ‘கரண்டி என்று ஒன்று இல்லை’ என்று, கரண்டியை வளைக்கும் மொட்டைத்தலைச் சிறுவன் சொல்வதும் அதைத்தான். மீட்பு என்பது இங்கே விழித்துக்கொள்வது.

ஒன்று செய்து பாருங்கள். நியோ தன்னை மீட்டவர்களின் கப்பலுக்குள் முதன்முறை நடக்கும்போது ஓர் உலோகத் தகடு தெரியும். அங்கே படத்தை நிறுத்துங்கள். ‘மார்க் 3, எண் 11’ என்று பொறித்திருக்கும். அப்புறம் மாற்கு நற்செய்தி 3:11ஐப் படியுங்கள்: ‘நீர் தேவனுடைய குமாரன்’ என்று அசுத்த ஆவிகள் அலறும் வசனம். எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது.

நியோவைப் புத்தர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போய்க் காவலர்களைச் சுட்டுத்தள்ளும் காட்சி அகிம்சையோடு ஒட்டவே ஒட்டாது. உபநிடதத்தையும் சேர்ப்பதாக இருந்தால், மூன்றாம் படத்தின் இறுதிப் பாடலில் ‘அசதோ மா சத்கமய’ (பொய்மையிலிருந்து மெய்மைக்கு என்னை அழைத்துச் செல்) என்ற உபநிடத வரி நேரடியாகவே வருகிறது.