கேன் தண்ணீர் விலையும் ‘செட்டில்மென்ட்’ புரோக்கரும்

கேள்வி: சிறிய ஊரில் 20 லிட்டர் கேன் தண்ணீர் பிளான்ட் நடத்துகிறேன். கூடவே ஒரு மளிகைக் கடையும் உண்டு. எங்கள் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். இரண்டு வருடத்துக்கு முன் ‘40 ரூபாய்க்குக் கீழே யாரும் கேன் போடக் கூடாது, மீறினால் சங்கத்துக்கு 5,000 ரூபாய் கட்ட வேண்டும்’ என்று தீர்மானம் போட்டோம். யாரோ புகார் செய்திருக்கிறார்கள். வியாபாரிகள் கூடி விலை வைப்பது போன்றவற்றை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பான இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டிருப்பதாக டெல்லியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒரு கன்சல்டன்ட் மூன்று லட்சம் கேட்கிறார், புதுச் சட்டப்படி செட்டில்மென்ட் போட்டு முடித்துத் தருவாராம். கொடுக்கலாமா? அபராதம் எவ்வளவு வரும்? ஜெயில் உண்டா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். 2023-ல் போட்டிச் சட்டத்தைத் திருத்தியபோது செட்டில்மென்ட் வசதி, அதாவது ஒரு தொகை கட்டி வழக்கை முடித்துக்கொள்ளும் வழி, வந்தது உண்மை. ஆனால் ஒரே தொழில் செய்கிறவர்கள் கூடி விலை பேசிக்கொண்ட வழக்குகளுக்கு, அதாவது கார்ட்டெல்லுக்கு, அது கிடையாது. சந்தையில் ஆதிக்கம் உள்ளவர் அதைத் தவறாகப் பயன்படுத்துவது, தயாரிப்பாளர் டீலர் கையைக் கட்டுவது போன்ற வழக்குகளுக்குத்தான் அது. உங்கள் கன்சல்டன்ட் பாதிப் பக்கம் படித்திருக்கிறார், அல்லது முழுதும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

ஜெயிலை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். விலை பேசியதற்கு இந்தச் சட்டத்தில் பண அபராதம்தான். ஆணையத்தின் உத்தரவை மதிக்காமல், அதற்காகப் போட்ட தண்டத்தையும் கட்டாமல் அடம்பிடித்தால்தான் சிறைப் பேச்சு வரும். ஆனால் விசாரணை அதிகாரி கேட்கும் விவரத்தைக் கொடுக்காமல் கடிதத்தை அலமாரியில் போட்டுவிடாதீர்கள். அதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஒரு லட்சம் வரை, மொத்தம் ஒரு கோடி வரை போடலாம். மூல வழக்கில் வருவதை விட இது பெரிதாகிவிடும்.

இனி தொகை. புரிவதற்காக ஒரு கணக்கு: பிளான்ட்டில் வருடத்துக்கு 30 லட்சம் விற்றுமுதல், 4 லட்சம் லாபம் என்று வைப்போம். கார்ட்டெல் நீடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை ஆணையம் போகலாம். 12 லட்சமா 3 லட்சமா என்றால் 12 தான். இரண்டு வருடத்துக்கு 24 லட்சம். மிரளாதீர்கள், இது உச்சவரம்பு. 2024 மார்ச்சில் வந்த வழிகாட்டுதல்படி, தப்பு நடந்த அந்தச் சரக்கின் சராசரி விற்றுமுதலில் 30 சதவீதம் வரை எடுத்துக்கொண்டு, தவறின் தன்மை, உங்கள் பங்கு, ஒத்துழைப்பு எல்லாம் பார்த்து ஏற்றி இறக்குவார்கள். மளிகைக் கடை எங்கே வருகிறது என்றால், உச்சவரம்புக் கணக்கில். 2023 திருத்தத்துக்குப் பிறகு விற்றுமுதல் என்றால் உங்கள் எல்லா வியாபாரமும் சேர்ந்ததுதான். அரிசி விற்ற காசையும் தண்ணீர் வழக்கில் எண்ணுவதற்கு என்ன நியாயம் என்று கேட்டால், நானும் அதைத்தான் கேட்கிறேன்.

பொருளாளர் என்பதால் தனி ஆளாகவும் உங்களைச் சேர்க்கலாம், வருமானத்தில் 10 சதவீதம் வரை. ‘பதிவு பெற்ற சங்கம், எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்’ என்பது வாதமே இல்லை. அந்த மினிட் புக்தான் அவர்களுக்கு முதல் சாட்சி. அதைக் கிழிப்பது, வாட்ஸ்அப் குழுவைக் கலைப்பது எதுவும் வேண்டாம். ஒருவர் அழித்தாலும் இருபது பேர் போனில் இருக்கும்.

இன்னொரு வலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்ததாக அதைத்தான் விரிப்பார்கள். சட்டத்தில் கூட்டுமுயற்சிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. பத்து பிளான்ட்காரர்கள் சேர்ந்து காலி கேன்களை மொத்தமாக வாங்குகிறீர்கள், தண்ணீர் பரிசோதனைக்குப் பொதுவாக ஒரு லேப் வைக்கிறீர்கள், ஒரே வண்டியில் சரக்கு அனுப்பிச் செலவைக் குறைக்கிறீர்கள் என்றால் அது கூட்டுமுயற்சி. உற்பத்தியிலோ விநியோகத்திலோ திறன் கூடுகிறது என்று காட்ட முடிந்தால், கார்ட்டெல் என்று முன்கூட்டியே அனுமானிக்க மாட்டார்கள். அப்போதும் கேன் விலையை அவரவர்தான் வைக்க வேண்டும். உங்கள் தீர்மானத்தில் வண்டியும் இல்லை, லேபும் இல்லை, 40 ரூபாய் மட்டும்தான் இருக்கிறது. ‘பழைய தேதி போட்ட ஸ்டாம்ப் பேப்பரில் கூட்டுமுயற்சி ஒப்பந்தம் தயார் செய்து தருகிறேன்’ என்று எவராவது சொன்னால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஆணையத்திடம் பொய் ஆவணம் கொடுத்தால் கோடி ரூபாய் அளவுக்குப் போகக்கூடிய தனி அபராதம் இருக்கிறது. விலை வழக்கில் மாட்டியவரைப் போர்ஜரி வழக்கிலும் மாட்டிவிடுவதுதான் இந்தப் புரோக்கர்களின் சேவை.

உங்களுக்கு உண்மையில் திறந்திருக்கும் வழி, அபராதக் குறைப்பு மனு. முதலில் போய் முழு உண்மையையும் சொல்கிறவருக்கு 100 சதவீதம் வரை, இரண்டாமவருக்கு 50 வரை, மூன்றாமவருக்கு 30 வரை தள்ளுபடி கிடைக்கலாம். விசாரணை அறிக்கை ஆணையத்தின் கைக்குப் போவதற்குள் போயாக வேண்டும். வரிசையில் இடம்பிடிக்கிற கதைதான் இது. நாளைக்குச் சங்கத் தலைவர் முந்திவிட்டால் அந்த முழுச் சலுகை உங்களுக்கு இல்லை. ‘எல்லோரும் ஒன்றாக நிற்போம்’ என்று கூட்டத்தில் பேசியவரே மறுநாள் டெல்லிக்கு வக்கீலை அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

‘இழுத்தடிக்கலாம்’ என்றும் சொல்வார்கள். சிமெண்ட் கம்பெனிகள் கூடி விலை பேசியதாக வந்த வழக்கில் 2010-ல் புகார். 2012-ல் 6,300 கோடிக்கு மேல் அபராதம். வாதத்தைக் கேட்காத ஆணையத் தலைவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார் என்று 2015-ல் அது ரத்து. 2016-ல் மறுபடி உத்தரவு, 2018-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்தது, அதே வருடம் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கம்பெனிகளுக்கு அது கட்டுப்படியாகும். நீங்கள் அப்பீல் போக 60 நாள்தான், அதுவும் அபராதத்தில் 25 சதவீதத்தைக் கட்டினால்தான் மனுவையே எடுப்பார்கள். பெரியவருக்கு வாய்தா, சிறியவருக்கு டெபாசிட்.

ஆணையத்தின் முன் நீங்களே ஆஜராகலாம். இல்லையென்றால் வக்கீல், ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுன்டன்ட் யாரையாவது அனுப்பலாம். ‘கன்சல்டன்ட்’ என்று விசிட்டிங் கார்டு அடித்தவருக்கு அங்கே நாற்காலி இல்லை. இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், மினிட் புக் நகல், அந்தக் கடிதம் வந்த கவர் எல்லாம் கையில் இருக்கட்டும். 40 ரூபாய்த் தீர்மானத்தை இனி அமல்படுத்த மாட்டேன் என்று சங்கத்துக்கு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் போங்கள்.