இரு வீட்டார் உட்காரும் ஞாயிறு

வணக்கம். என் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. அத்தானைவிட அதிகம் சம்பாதிக்கிறாள். பத்தாண்டுகளில் அவர் கைநீட்டியது மூன்று முறைதான் என்கிறாள். ஆனாலும் அவருடைய வண்டிச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறாள். சம்பாதிக்கிறவள் ஏன் இப்படிப் பயப்பட வேண்டும்? வரும் ஞாயிறு இரு வீட்டாரும் உட்கார்ந்து பேச இருக்கிறார்கள். சரியாக வருமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

சம்பளம் யார் பெயரில் வருகிறது என்பதைவிட, ஏ.டி.எம். அட்டை யார் பையில் இருக்கிறது, பணம் எடுத்தால் குறுஞ்செய்தி யாருடைய கைப்பேசிக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் அறிந்த பெண் ஒருவர், நல்ல வேலையில் இருப்பவர், ஒரு முழம் மல்லிகை வாங்கினாலும் இரவில் நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். கணக்கில் ஐந்து ரூபாய் உதைத்தால் கணவர் திட்டமாட்டார். நோட்டை மூடிவிட்டு விளக்கை அணைப்பார், அவ்வளவுதான். என்றோ விழுந்த ஓர் அறைதான் அந்த மௌனத்தை அவ்வளவு கனமாக்கியிருந்தது. உங்கள் அக்கா சொல்லும் ‘மூன்று முறைதான்’ என்பதையும் நான் அப்படித்தான் படிக்கிறேன்: நான்காவது அடிக்குத் தேவை ஏற்படவில்லை.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், உடலில் படும் அடியோடு சொல்லாலும் பணத்தாலும் இழைக்கப்படும் கொடுமையையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. அவளுக்கு உரிய பணத்தையும் நகையையும் அவளுக்கு எட்டாமல் வைப்பதும் அதில் அடங்கும். 17ஆம் பிரிவின்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்க அவளுக்கு உரிமை உண்டு.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அங்கே அக்கா சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அன்றிரவு தனியாகப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான் என்பதால், “நான்தான் கொஞ்சம் கோபப்பட்டுவிட்டேன்” என்று சொல்லி முடித்துக்கொள்வாள். பெரியவர்களும் காபி குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். (‘நீயும் கொஞ்சம் அனுசரித்துப் போம்மா’ என்று சொல்லாத மாமா ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.)

அதற்கு முன் அவளைப் பள்ளியிலேயே தனியாகச் சந்தியுங்கள். கைப்பேசியில் எதையும் எழுத வேண்டாம். என்ன செய்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும், இல்லையென்றால் அதிகாரம் அத்தானிடமிருந்து உங்களிடம் கைமாறியதாகவே ஆகும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், இந்தச் சட்டத்தின்கீழ் உதவ மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்பதையும் சொல்லி வையுங்கள். அவள் விலகிப்போக நினைக்கிறாள் என்று கணவருக்குத் தெரியவரும் நாட்கள்தான் ஆபத்து மிகுந்தவை என்பதால், அவசரப்பட்டு அவரிடம் எதையும் கேட்டுவிடாதீர்கள்.

அப்படியும் கூட்டம் நடந்தே தீரும் என்றால், அன்றிரவு அக்கா எந்த வீட்டில் தூங்கப்போகிறாள் என்பதை அவளோடு பேசி முடிவு செய்த பிறகு உட்காருங்கள்.

அன்புடன்.