விலை குறைந்த தேயிலையைக் கடலில் கொட்டியது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது கோத்தகிரி அருகே ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கும் குடும்பம். ஆங்கிலேயர் தேயிலை விலையை ஏற்றியதால்தான் அமெரிக்கர்கள் அதைக் கடலில் கொட்டி விடுதலைப் போராட்டத்தைத் தொடங்கினார்கள் என்று பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். விளைந்த பொருளைக் கொட்டினார்கள் என்று கேட்கவே மனம் பதறுகிறது. அது நம் மலைத் தேயிலையா? விலைதான் காரணமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: இலை பறித்துப் பேக்டரிக்கு அனுப்புகிறவருக்கு வரும் பதற்றம் நியாயமானது. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டது சுமார் 42 டன் தேயிலை. ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ பச்சை இலை என்ற உங்கள் ஊர்க் கணக்கில் பார்த்தால், ஏறத்தாழ 2 லட்சம் கிலோ பச்சை இலை. ஆனால் அது நம் மலைத் தேயிலை அன்று. நீலகிரியில் தேயிலை தோட்டப் பயிராக வேரூன்றுவதற்கு அன்றைக்கு இன்னும் 80 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. கொட்டப்பட்டது சீனாவில் விளைந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் கிடங்குகளில் இருந்து கப்பலேறிய சரக்கு.

விலையைப் பொறுத்தவரை உங்கள் மகள் சொல்வதற்கு நேர்மாறாகத்தான் நடந்தது. அந்த ஆண்டு தேயிலை விலை குறையவிருந்தது. மலிவாகக் கிடைக்கவிருந்த பொருளையே அந்த மக்கள் மறுத்தார்கள் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரான்சுடன் நடத்திய நீண்ட போர் 1763-இல் முடிந்தபோது, பிரிட்டனின் கடன் ஏறத்தாழ 13 கோடி பவுண்டாக இருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களைக் காக்கவும் சேர்த்துத்தானே போரிட்டோம், செலவில் ஒரு பங்கை அவர்கள் ஏற்கட்டும் என்று லண்டன் நினைத்தது. 1765-இல் முத்திரைத்தாள் சட்டம் வந்தது. நிலப் பத்திரத்துக்கு நாம் முத்திரைத்தாள் வாங்குவது போல, அங்கே பத்திரம், உரிமம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் முத்திரை வரி. வரி என்ற ஒன்றே அம்மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. தாங்கள் தேர்ந்தெடுத்த உள்ளூர்ச் சட்டமன்றங்கள் விதித்த வரிகளை அவர்கள் செலுத்தியே வந்தார்கள். தங்கள் சார்பில் ஓர் உறுப்பினர்கூட இல்லாத லண்டன் பாராளுமன்றம் தங்கள் பையில் கைவிடலாமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. எதிர்ப்பு வலுத்ததும் 1766-இல் அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் குடியேற்றங்களுக்கு எந்தச் சட்டமும் இயற்றும் உரிமை தனக்கு உண்டு என்று பாராளுமன்றம் கையோடு இன்னொரு சட்டமும் செய்து வைத்தது. அடுத்த ஆண்டே கண்ணாடி, ஈயம், காகிதம், வண்ணப்பூச்சு, தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதி வரி வந்தது. மக்கள் அப்பொருள்களை வாங்க மறுத்து, பெண்கள் வீட்டிலேயே நூல் நூற்றுத் துணி நெய்யத் தொடங்கியதும், 1770-இல் மற்ற வரிகள் போயின. ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்ற தேயிலை வரி மட்டும், உரிமையின் அடையாளமாக நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் நம் நாடும் கதைக்குள் வருகிறது. 1770-இன் வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்த காலத்திலும் வரி வசூலை விடாத அதே கம்பெனி, 1772-இல் கடனில் மூழ்கியது. அதன் லண்டன் கிடங்குகளில் சுமார் 1.7 கோடி பவுண்டு எடைத் தேயிலை விற்காமல் கிடந்தது. அதைக் காப்பாற்ற 1773-இல் இயற்றப்பட்ட தேயிலைச் சட்டம், கம்பெனி தன் முகவர்கள் வழியாக அமெரிக்காவில் நேரடியாக விற்க வழிசெய்தது. இடையில் இருந்த வியாபாரிகள் கழற்றிவிடப்பட்டதால், கடத்தி வந்த டச்சுத் தேயிலையோடு போட்டியிடும் அளவுக்கு விலை இறங்கும். ஆனால் அந்த 3 பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருக்கும். மலிவு விலையில் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தால், வரி போடும் உரிமையையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். 1930-இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை சென்றவர்களும் உப்பு விலைக்காகச் செல்லவில்லை என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள், உடனே விளங்கிக்கொள்வாள்.

பாஸ்டனுக்கு மூன்று கப்பல்கள் வந்தன. முதல் கப்பலான டார்ட்மவுத், 20 நாள்களுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைக் கைப்பற்றிவிடும் என்ற நிலை. சரக்கோடு திரும்பிப் போகட்டும் என்று ஊரார் கேட்டதற்கு ஆளுநர் ஹட்சின்சன் இணங்கவில்லை; அவருடைய இரு மகன்களே கம்பெனியின் முகவர்களாக இருந்தார்கள். கெடுவுக்கு முந்தைய நாள் மாலை, ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த கூட்டத்தில் அவருடைய மறுப்பு அறிவிக்கப்பட்டது. மோஹாக் பழங்குடியினரைப் போல வேடமிட்டவர்கள் கப்பலேறி, ஏறத்தாழ 340 பெட்டிகளைக் கோடரியால் பிளந்து கவிழ்த்தார்கள். கடல் வற்றியிருந்த நேரம் அது; இலை நீரில் அமிழாமல் கப்பலோரம் குவிந்து நிற்க, அதைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. தேயிலையைத் தவிர மற்றச் சரக்கில் அவர்கள் கைவைக்கவில்லை. சட்டைக்குள் தேயிலையை அள்ளிப் போட்டுக்கொண்டு நழுவப் பார்த்த ஒருவரைக் கூட்டத்தினரே பிடித்து அவமானப்படுத்தி அனுப்பினார்கள்.

கேள்வி: அப்படியென்றால், தொடக்கத்திலிருந்தே தனிநாடுதான் அவர்கள் நோக்கமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: இல்லை. ஆங்கிலேயக் குடிமக்களுக்கு உள்ள உரிமை தங்களுக்கும் வேண்டும் என்றுதான் நெடுநாள் கேட்டார்கள். அவர்களைப் பிரிவினைக்குத் தள்ளியது லண்டன் கொடுத்த தண்டனை என்பதே என் கருத்து. தேயிலைக்கு ஈடு செலுத்தும்வரை என்று 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தன்னாட்சியும் குறுக்கப்பட்டது. ஓர் ஊரை ஒடுக்கினால் மற்றவை அடங்கிவிடும் என்ற கணக்கு பொய்த்து, 13 குடியேற்றங்களில் 12 செப்டம்பரில் பிலடெல்பியாவில் கூடின. 1775 ஏப்ரல் 19 அன்று கான்கார்டில் இருந்த ஆயுதங்களைக் கைப்பற்றச் சென்ற படை, வழியில் லெக்சிங்டன் புல்வெளியில் உள்ளூர்க் காவல்படையைச் சந்தித்தது. அங்கே 8 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். மாலைக்குள், திரும்பும் வழியெங்கும் வேலிகளுக்குப் பின்னிருந்து சுட்ட விவசாயிகள் பிரிட்டிஷ் படைக்குப் பெருஞ்சேதம் விளைவித்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், அந்த ஜூலையில் மன்னருக்குச் சமாதான மனு ஒன்று போனது. மூன்றாம் ஜார்ஜ் அதை ஏற்காமல், அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். 1776 ஜனவரியில் தாமஸ் பெயினின் சிறு வெளியீடு, மன்னராட்சியே வேண்டாம் என்று எளிய மக்கள் மொழியில் வாதிட்டு ஊர் ஊராகப் பரவியது. ஜூலை 4 அன்று விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்டது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அதில் எழுதிய ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தவர். அன்று அந்த 13 குடியேற்றங்களின் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமை. அவர்களுக்கான விடுதலை நாடு முழுவதும் சட்டமாவதற்கு 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.