வரித் தக்காளியில் கோடு மங்குவது ஏன்?

கேள்வி: கிரீன் ஜீப்ரா, டைகரெல்லா என்ற இரண்டு வரித் தக்காளி வகைகளைத் தொட்டியில் வளர்க்கிறேன். காயாக இருந்தபோது கரும்பச்சைக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. பழுத்ததும் டைகரெல்லாவில் கோடு மங்கிவிட்டது. அதே பாக்கெட் விதையில் முளைத்த ஒரு செடியில் தொடக்கம் முதலே கோடு இல்லை. கிரீன் ஜீப்ராவை எப்போது பறிப்பது என்றே தெரியவில்லை. முன்னதாகப் பறித்தால் புளிக்கிறது, விட்டுவைத்தால் வெடிக்கிறது. கோடு நன்றாக விழ என்ன உரம் இட வேண்டும்?

பதில்: கோட்டுக்கென்று உரம் எதுவும் கிடையாது. அப்படி ஏதாவது விற்கிறார்கள் என்றால் வாங்காதீர்கள். கோடு விதையிலேயே முடிவாகிவிடுகிறது. காம்பிலிருந்து அடிநுனி வரை ஓடும் சில பட்டைகளில் மட்டும் பச்சையம் கூடுதலாகச் சேர்வதுதான் நீங்கள் பிஞ்சில் பார்த்த கரும்பச்சை வரி. பழுக்கும்போது டைகரெல்லாவில் அந்தப் பட்டைகள் பொன்மஞ்சளாகவும், இடைப்பட்ட பகுதி சிவப்பாகவும் மாறும். சிவப்பு நன்றாக ஏறினால்தான் மஞ்சள் கோடு எடுப்பாகத் தெரியும்.

உங்கள் டைகரெல்லாவில் மங்கியது பெரும்பாலும் கோடு அல்ல, அதன் பின்னணிதான். தக்காளிக்குச் சிவப்பு தரும் நிறமி லைகோபீன். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் அது உருவாவது தடைபடும். மஞ்சள், ஆரஞ்சு நிறம் தரும் கரோட்டீன் மட்டும் உருவாகிக்கொண்டே இருக்கும். ஆகவே வெயில் நாட்களில் பழுக்கும் பழம் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுகிறது. ஆரஞ்சின் மேல் மஞ்சள் கோடு எப்படித் தெரியும்? இதற்கு எளிய வழி உண்டு. பழத்தின் அடிநுனியில் நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து, வீட்டுக்குள் 20 முதல் 25 டிகிரி வரை உள்ள நிழலான இடத்தில் பழுக்க விடுங்கள். அந்தக் கட்டத்தில் பறித்த பழத்தின் சுவையில் பெரிய குறை இருக்காது. செடியிலேயே பழுக்க வேண்டுமானால் கடும் வெயில் காலத்தில் பிற்பகலுக்கு மட்டும் நிழல்வலை கட்டலாம். பழத்துக்கு வெளிச்சம் படட்டும் என்று இலைகளைக் கிள்ளி எறிவதுதான் பலரும் செய்யும் வேலை. வெயிலில் பழம் இன்னும் சூடேறும், தோலும் வெந்து வெளுத்துப்போகும்.

கோடே இல்லாத செடியின் கதை வேறு. வரிக்குக் காரணமான மரபணு ஒடுங்கு தன்மை கொண்டது. தாய், தந்தை இரு வழியிலும் வந்தால்தான் கோடு தெரியும். விதை எடுத்த இடத்தில் பக்கத்துச் சாதாரணத் தக்காளியின் மகரந்தம் ஒரு பூவில் விழுந்திருந்தால், அந்த விதையில் முளைக்கும் செடி கோடில்லாமல்தான் காய்க்கும். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும் செடிதான் என்றாலும் தேனீக்கள் சும்மா இருப்பதில்லை. கலப்புதான் காரணம் என்றால், அந்தச் செடியின் பழத்திலிருந்து விதை எடுத்து விதைத்துப் பாருங்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு செடியில் கோடு மீண்டும் வரும். பாக்கெட்டில் வேறு விதை கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. பெயர்க் குழப்பமும் இந்த வகைகளில் நிறைய. பிரிட்டனில் ‘மிஸ்டர் ஸ்ட்ரைப்பி’ என்றால் டைகரெல்லா. அமெரிக்காவில் அதே பெயரில் விற்பது மஞ்சளும் சிவப்பும் கலந்த, பெரிய, தாமதமாகக் காய்க்கும் வேறொரு தக்காளி.

இனி கிரீன் ஜீப்ரா. பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும் வகை என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. கரும்பச்சைக் கோடுகளைப் பார்க்காதீர்கள், அவற்றுக்கு இடையில் உள்ள வெளிர் பட்டைகளைப் பாருங்கள். காயில் அவை பால் கலந்ததுபோன்ற வெளிர்பச்சையாக இருக்கும். பழுக்கும்போது மெல்ல மஞ்சள் ஏறும். பழத்தைச் சற்றே தூக்கி அடிப்பக்கம் பார்த்தால் தேன் நிறம் படர்ந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த நாளே பறிக்கும் நாள். பழம் முழுவதும் மஞ்சளாகும்வரை காத்திருந்தால் சதை மாவாகிவிடும். காம்பில் சிறு கணு ஒன்று இருக்கும், அந்த இடத்தில் மேல்நோக்கி மடக்கினால் இழுக்காமலேயே கையோடு வரும். நாற்று நட்ட 75 – 80 நாளில் முதல் பழத்தை எதிர்பார்க்கலாம். டைகரெல்லா அதற்கு முன்பே வந்துவிடும். நன்றாகப் பழுத்தாலும் கிரீன் ஜீப்ராவில் ஒரு துடிப்பான புளிப்பு இருக்கும், அது அந்த வகையின் குணம்.

வெடிப்புக்குக் காரணம் தண்ணீர். காய்ந்து கிடந்த தொட்டியில் திடீரென்று நிறைய நீர் விட்டால் பழத்தின் உள்சதை வேகமாகப் பருக்கும், தோல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஒரு செடிக்குக் குறைந்தது 20 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டி தேவை. அதைவிடச் சிறிய தொட்டியில் ஈரம் ஒரே சீராக நிற்காது. மண்ணுக்குள் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், அங்கே உலர்ந்திருந்தால் காலையில் நீர் விடுங்கள். மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் போடுங்கள். பெருமழை வரும் அறிகுறி தெரிந்தால் நிறம் மாறத் தொடங்கிய பழங்களை முன்கூட்டியே பறித்துவிடுங்கள். பழத்தின் அடி கறுத்துத் தோல்போல் காய்ந்துபோவதும் (நுனி அழுகல்) பெரும்பாலும் இதே ஒழுங்கற்ற நீரால் வருவதுதான். மண்ணில் கால்சியம் இருந்தும் நீரோடு சேர்ந்து பழத்துக்குப் போய்ச் சேராததே காரணம். கால்சியத்துக்காக முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் அது மட்கிக் கரைவதற்குள் பருவமே முடிந்துவிடும்.

உரத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பூக்கத் தொடங்கியபின் தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைத்துச் சாம்பல்சத்தை (பொட்டாசியம்) கூட்டுங்கள். சாம்பல்சத்துக் குறைந்தால் பழம் திட்டுத்திட்டாகப் பழுக்கும். அந்தத் திட்டைக் கோடு என்று நினைத்துவிடக் கூடாது. காம்பிலிருந்து இறங்கும், தையல்போன்ற பழுப்புநிறத் தழும்பு பூவின் மகரந்தப்பை பிஞ்சோடு ஒட்டிக்கொண்டதால் வருவது, தீங்கில்லை. ஆனால் பழத்தில் வட்டம் வட்டமாக மஞ்சள் வளையங்கள் தெரிந்து, இளம் இலைகள் வெண்கல நிறமாகச் சுருங்கினால் வைரஸ் தாக்குதலாக இருக்கலாம். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி அகற்றிவிடுங்கள்.

அடுத்த பருவத்துக்கு விதை எடுக்க விரும்பினால், இரண்டு வகையும் கலப்பின வீரிய விதை அல்ல என்பது வசதி. கிரீன் ஜீப்ராவைப் பாரம்பரிய ரகம் என்று பலர் விற்கிறார்கள். உண்மையில் அது டாம் வாக்னர் என்ற அமெரிக்கர் உருவாக்கி 1983இல் வெளியிட்டது. ஆனாலும் குணம் நிலைபெற்ற வகை, தாயைப் போலவே பிள்ளையும் வரும். கோடு தெளிவாக உள்ள செடியில், மலராத பூங்கொத்து ஒன்றை மெல்லிய துணிப்பையால் மூடி, தினமும் கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் நூல் ஒன்றைக் கட்டி அடையாளம் வையுங்கள். பழம் நன்கு கனிந்ததும் விதையைச் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, கழுவி, நிழலில் உலர்த்துங்கள். கோடில்லாத செடியின் விதையை இதோடு சேர்க்க வேண்டாம்.