கீமோ முடிந்து காய்ச்சல் வந்தால் விடியும்வரை பொறுக்கலாமா?

வாசகி ஒருவர் கேட்கிறார்: "தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ முடிந்து பத்தாம் நாள் ராத்திரி 101 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்தேன், இறங்கிவிட்டது. காலையில் கூட்டிப்போனால் நர்ஸ் சத்தம் போட்டார். மூன்று நாளாகக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எதுவும் வளரவில்லை, ஆனாலும் ஆன்டிபயாட்டிக் ஊசி போகிறது. எதற்கு?"

நர்ஸ் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது அம்மா. கீமோ போட்ட ஒன்றிரண்டு வாரத்தில்தான் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் தரைதட்டும். சீழ் கட்டுவதற்கும் எக்ஸ்ரேயில் சளி தெரிவதற்குமே அந்த அணுக்கள் வேண்டும், அவை மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போய்விட்டால் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தாலும் வெளியே தெரிவது பல சமயம் காய்ச்சல் ஒன்றுதான், அதையும் மாத்திரை போட்டு அமுக்கிவிட்டால் அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு தடவை 101 காட்டினாலும் சரி, 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலும் சரி, நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சலே வராமல் போகலாம். குளிர் நடுக்கம், தலைசுற்றல் வந்தாலே போதும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவே வேண்டாம், அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வழி.

அவசரப் பிரிவில் நுழைந்ததும் "கீமோ எடுத்தவர், காய்ச்சல்" என்று சொல்லிவிடுங்கள், வரிசையில் உட்காராதீர்கள். ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸ் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். கல்ச்சருக்குக் கையிலிருந்தும், கழுத்திலோ நெஞ்சிலோ மருந்து ஏற்றும் குழாய் (லைன்) இருந்தால் அதிலிருந்தும் ரத்தம் எடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் பைப்பராசிலின்-டாசோபாக்டம் அல்லது செஃபிபைம் தொடங்குவது வழக்கம். சூடோமோனாஸ் என்ற பொல்லாத பாக்டீரியா வரைக்கும் இவை கேட்கும். பிரஷர் இறங்கினால் மெரோபெனெம் மாதிரி வலுவானதுக்குப் போவார்கள். மெரோபெனெமுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா நம் ஆஸ்பத்திரிகளில் இருப்பதால், எந்த மருந்து என்பது அந்தந்த ஆஸ்பத்திரியின் கிருமி நிலவரத்தைப் பொறுத்தது.

கல்ச்சரில் ஒன்றும் வளராதது சகஜம், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அப்படித்தான். தொற்றே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. முன்பெல்லாம் அணுக்கள் 500 தாண்டும்வரை ஊசி நிற்காது. இப்போது இரண்டு நாள் காய்ச்சலே இல்லாமல் ஆளும் தெம்பாக இருந்தால் அதற்கு முன்னாலேயே நிறுத்தும் டாக்டர்களும் உண்டு. தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. விட்டிருந்தால் எப்போது நிறுத்துவீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். விடாமல் நாலைந்து நாள் தாண்டினால் பூஞ்சைத் தொற்றைச் சந்தேகித்து நெஞ்சுக்கு சி.டி. எடுக்கச் சொல்வார்கள், தள்ளிப்போடாதீர்கள்.