பெரிய சினைப்பைக் கட்டியை எடுத்த பிறகு என்ன சிக்கல்கள் வரும்?

அத்தைக்கு ஆபரேஷன் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர். இரண்டு வருடமாக வயிறு பெருத்தும், வாயு என்று ஓமத் தண்ணீரிலேயே ஓட்டிவிட்டார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்த பிறகுதான் சேலத்துக்கு அழைத்து வந்தோம். 20 கொண்டை ஊசி வளைவும் சீட்டில் ஒருக்களித்தே வந்தார். எடுத்த கட்டி 14 கிலோ.

நாங்கள் பயந்தது கத்திக்கு. மயக்க டாக்டர் பயந்ததோ கட்டி வெளியே வரும் அந்த நிமிஷத்துக்கு. அத்தனை நாள் வயிற்று ரத்தக்குழாய்களை அமுக்கிக்கொண்டிருந்த பாரம் சட்டென்று போனால், ரத்தம் அங்கேயே தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து பிரஷர் விழுந்துவிடுமாம். வெறும் நீர்க்கட்டி என்றால் சில சமயம் நீரை மெதுவாக வடித்துவிட்டு எடுப்பார்கள். புற்றுநோய் சந்தேகம் இருந்தால் உடையாமல் முழுசாக எடுக்கவே பார்ப்பார்கள். பெரியம்மாவுக்குப் பிரஷர் விழத்தான் செய்தது. மருந்து ஏற்றி, இரண்டு ராத்திரி ஐசியூவில் வைத்திருந்தார்கள்.

அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென விரியும்போது அதில் நீர் கோக்கலாம். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து கருவி ஒன்று கொடுப்பார்கள். அதை ஊதக் கூடாது, உள்ளே உறிஞ்ச வேண்டும். எங்கள் வார்டில் பாதிப் பேர் ஊதிக்கொண்டிருந்தார்கள்!

அப்புறம் குடல். "காத்து பிரிஞ்சுதா?" என்று சிஸ்டர் வேளாவேளைக்குக் கேட்பார், நாலாம் நாள்தான் பிரிந்தது. அதுவரை உப்புசம், வாந்தி.

எழுந்து நடக்க வைப்பதுதான் பெரும்பாடு. 1809-ல் அமெரிக்காவில் எஃப்ரைம் மெக்டவல் என்ற டாக்டர் மயக்க மருந்தே இல்லாமல் சுமார் 10 கிலோ கட்டியை எடுத்த ஜேன் கிராஃபர்ட், ஐந்தாம் நாளே தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாராம். பெரியம்மாவிடம் சொன்னேன். "அப்ப அவளையே கூட்டிட்டுப் போயி நடக்க வை" என்றார்.

சரி, விளையாட்டில்லை. படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. டிஸ்சார்ஜ் ஆன பிறகும் சில வாரங்களுக்கு இந்தப் பயம் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சிரைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதனால்தான் பெரியம்மாவை உடனே மலைக்கு அனுப்பாமல், அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டிலேயே மூன்று வாரம் வைத்திருந்தோம்.

பயாப்சியில் சாதாக் கட்டி என்று வந்தது. வயிற்றுத் தசை மட்டும் தொளதொளவென்று ஆகிவிட்டதால் இன்னும் பெல்ட் போடுகிறார், சேலைக்கு மேலேயே.