மருந்து கிடைக்கும், பேப்பர்தான் கஷ்டம்

அண்ணா வணக்கம். எங்க தாத்தா திருச்சியில ஸ்டுடியோ வச்சிருந்தார், மூடி ரொம்ப வருஷமாச்சு, நெகடிவ் படத்தைப் பேப்பர்ல பெருசா விழ வைக்கிற அவரோட என்லார்ஜரும் ரெண்டு பெட்டி நெகடிவும் எங்கிட்ட இருக்கு. பல்பு எரியுது, லென்ஸ்ல பூஞ்சை இல்ல. ஆனா படத்தை வரவழைக்கிற டெவலப்பர், வந்த படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ, பிரிண்ட் போடுற புரோமைடு பேப்பர் எதுவுமே ஊர்ல கிடைக்கல. ஒவ்வொரு கடையா ஏறி இறங்கிட்டேன், "அதெல்லாம் இப்ப யாருப்பா கேக்குறா"ன்னுட்டாங்க. வித்துட்டு ஸ்கேனர் வாங்குன்னு வீட்ல சொல்றாங்க. என்ன செய்யலாம்?
க., திருச்சி

விக்காதீங்க தம்பி. அதைச் சொல்லிட்டுதான் மத்ததெல்லாம்.

கடைக்காரர் மேல கோபப்படாதீங்க. அவங்க கடை நம்மள மாதிரி ஆசைக்குப் படம் போடுறவங்களை நம்பி என்னிக்குமே ஓடினதில்ல. கல்யாண ஸ்டுடியோ, பாஸ்போர்ட் போட்டோ, ஆஃப்செட் பிரஸ்ல அச்சு பிளேட்டுக்கான லித் ஃபிலிம் கழுவுறவங்க, எக்ஸ்ரே எடுக்கிறவங்க, இவங்கதான் கிலோ கணக்குல வாங்கினாங்க, நாம ஓரமா நின்னு நூறு கிராம் வாங்கிட்டு வந்தோம். ஸ்டுடியோ டிஜிட்டலுக்குப் போச்சு, பிரஸ் கம்ப்யூட்டர்லேர்ந்து நேரா பிளேட்டுக்குப் போச்சு, எக்ஸ்ரே ஸ்க்ரீன்ல தெரிய ஆரம்பிச்சிருச்சு, அப்புறம் நம்ம நூறு கிராமுக்கு யாரு சரக்கு எடுத்து வைப்பா.

ஆனா மருந்து எங்கயும் போயிடல, வேற கடைக்குப் போயிருக்கு. ஹைப்போ வேணுமா, கலர் மீன் கடையில கேளுங்க, தண்ணியில குளோரின் எடுக்கப் போடுற அந்தக் கல்கண்டு மாதிரி பொருள் சோடியம் தயோசல்ஃபேட்தான், சென்னையில நான் கொளத்தூர்ல வாங்குறேன். டெவலப்பர் வேலையை நிறுத்துற ஸ்டாப் பாத்துக்கு அசிட்டிக் ஆசிட் தேடி அலைய வேண்டாம், சிட்ரிக் ஆசிட் லிட்டருக்கு 15 கிராம் போதும், மளிகைக் கடையிலயே இருக்கும். ஃபிலிம் கழுவுற டி-76ங்கிற டெவலப்பர்ல வர்ற போராக்ஸ் நம்ம வெங்காரம், நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. மிச்சமெல்லாம் காலேஜ் லேபுக்கு சப்ளை பண்ற கெமிக்கல் கடையில கிடைக்கும்.

பிரிண்டுக்கு டி-72ங்கிற டெவலப்பரைக் கலக்கிக்கோங்க. லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், சோடியம் சல்ஃபைட் 45, ஹைட்ரோகுயினோன் 12, ஈரமில்லாத சோடியம் கார்பனேட் 67.5, பொட்டாசியம் புரோமைடு 2. முக்கால் லிட்டர் வெந்நீர்ல இதே வரிசையில போட்டு அப்புறம் லிட்டராக்குங்க, ஒவ்வொண்ணும் நல்லா கரைஞ்சப்புறம்தான் அடுத்தது. சல்ஃபைட் மொத்தமும் முதல்ல போட்டுட்டா மெட்டால் கரையவே கரையாது. கையில கிளவுஸ் கட்டாயம், மெட்டால் சிலருக்குத் தோல்ல அலர்ஜி ஆகும்.

வாங்கும்போது லேபிளை எழுத்துக் கூட்டிப் படிங்க. ஒரு தடவை ஒரு கடையில சல்ஃபைட் கேட்டேன், சல்ஃபேட் கட்டிக் குடுத்துட்டாங்க, நானும் பாக்கல. கலக்கி வச்ச கொஞ்ச நேரத்துல டீ நிறத்துக்கு மாறிருச்சு, மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் மொத்தமா போச்சு. அன்னிக்கு மனசு ரொம்ப விட்டுப் போச்சு எனக்கு.

ஹைப்போவுக்கும் வெந்நீர்தான். லிட்டருக்கு 250 கிராம் கொட்டிக் கிளறினீங்கன்னா பாத்திரம் ஐஸ் வச்ச மாதிரி ஜில்லுன்னு ஆயிடும், வெளிப்பக்கம் வேர்க்கக்கூட செய்யும், பயப்படாதீங்க, அது கரையும்போது சூட்டை இழுத்துக்கும். உங்க தாத்தாவும் இந்தக் குளிர்ச்சியைக் கையில பாத்திருப்பார்.

பேப்பர்தான் உண்மையான இழப்பு. அதை யாரும் வீட்ல செஞ்சுக்க முடியாது. ஊட்டியில ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960ல ஆரம்பிச்சு 1967லேர்ந்து உற்பத்தி பண்ணுச்சு, ‘இந்து’ன்னு பேர் போட்ட ஃபிலிமும் பேப்பரும் நம்ம மலையிலேர்ந்தே இறங்கி வந்துச்சு, அந்த ஃபேக்டரி மூடினதை நினைச்சா எனக்கு இன்னும் ஆறல. கோடாக் 2005லயே கறுப்பு வெள்ளை பேப்பரை நிறுத்திருச்சு. இப்ப இங்கிலாந்துல இல்ஃபோர்டு, செக் நாட்டுல ஃபோமா, இவங்க செய்யறது இங்க வந்து சேர்றதுக்குள்ள விலை எங்கயோ போயிடுது.

தாத்தா அலமாரியில பழைய பேப்பர் இருந்தா தூக்கிப் போடாதீங்க, டெஸ்ட் பண்ணுங்க. சிவப்பு விளக்குல ரெண்டு துண்டு வெட்டி, ஒண்ணை நேரா ஹைப்போவுல போடுங்க, இன்னொண்ணை டெவலப்பர்ல ரெண்டு நிமிஷம் வச்சு அப்புறம் ஹைப்போவுல போடுங்க. வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே வெள்ளையா இருந்தா பேப்பருக்கு உயிர் இருக்கு. ரெண்டாவது சாம்பல் அடிச்சிருந்தா வெயில்ல வெந்து போச்சுன்னு அர்த்தம், லேசாத்தான்னா டெவலப்பர்ல புரோமைடு ஒரு சிட்டிகை கூட்டிப் பாருங்க.

வேலைக்கு ஆகலைன்னா எனக்கு எழுதுங்க. நாங்க மூணு பேர் சேர்ந்து 8க்கு 10 சைஸ்ல நூறு ஷீட் பெட்டி ஒண்ணு ஆர்டர் போடப் போறோம், நீங்களும் சேர்ந்தா ஆளுக்கு இருபத்தஞ்சு. கறுப்புக் கவர்ல போட்டு கூரியர்ல அனுப்பிடுறேன், கவரை டார்க் ரூம்ல மட்டும் பிரிக்கணும், வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருங்க.